பெருமாயி பிடித்த ஏர்

காய்ச்சல் விட்டு எழுந்த பிறகு காளியண்ணன் முதலில் கைவிட்டது சிரிப்பை. வாய்விட்டுச் சிரித்தால் இருமல் வந்தது. வந்த இருமல் லேசில் நிற்கவில்லை. முன்பெல்லாம் அவன் இந்த மேட்டில் நின்று சிரித்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் களை எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இப்போது யாராவது வேடிக்கை பேசினால் உதட்டை மட்டும் விரித்துக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்தபடியாக, நடந்துகொண்டே பேசுவதை விட்டான். வழியில் யாரோடாவது சேர்ந்து போக நேர்ந்தால், காலில் முள் ஏறிவிட்டதுபோலக் குனிந்து உட்கார்ந்து, "நீங்க முன்னால போங்க, வாரேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டான். அந்த ஒரு பேச்சுக்கு வேண்டிய மூச்சை மட்டும் பிடித்து வைத்திருப்பான். ஆள் தலை மறைந்ததும் முழங்காலைக் கட்டிக்கொண்டு வாயால் காற்றை இழுப்பான். இழுத்த காற்று பாதி வழியிலேயே நின்றுவிடும்.

அந்தக் காய்ச்சல் புரட்டாசிக் கடைசியில் மலையேறி வந்தது. சீமையில் நடந்த பெரிய சண்டை முடியப்போகிறது என்று கீழ்நாட்டில் பேசிக்கொண்ட வருஷம் அது. காளியண்ணனும், அவனுக்கு மச்சான் முறையான மாணிக்கமும் வாழைத்தார் சுமந்துகொண்டு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கினார்கள். சந்தை பாதிதான் கூடியிருந்தது. வந்திருந்தவர்களிலும் பாதிப்பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஊர் திரும்பிய மூன்றாம் நாள் இரண்டு பேரும் படுத்தார்கள். ஒன்பதாம் நாள் மாணிக்கம் உதடெல்லாம் நீலம் பாரித்துச் செத்துப்போனான். அவனைத் தூக்க எழுந்து நடமாடும் ஆம்பிளைகள் நாலு பேர் சேரவில்லை. பெண்டாட்டி ராமாயியே ஒரு பக்கம் தோள் கொடுத்தாள் என்று பின்னால் சொன்னார்கள். காளியண்ணனுக்கு அதெல்லாம் தெரியாது. அவன் இருபது நாள் நினைவு தப்பியும் தப்பாமலும் கிடந்து, கார்த்திகை பிறக்கும்போது எழுந்து உட்கார்ந்தான்.

"எமன் வந்து பாத்துப்போட்டு, இவனைத் தூக்க ஆளு பத்தாதுன்னு திரும்பிப் போயிட்டான்" என்று ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி சொன்னார். ஊரில் பதினோரு ஆம்பிளைகளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த சனத்துக்கு அந்தப் பேச்சு ஒரு தெம்பாக இருந்தது. காளியண்ணனுக்கும் அது பிடித்திருந்தது. வெறும் அசதிதான், நாலு வேளை களி தின்றால் தேறிவிடும் என்று நினைத்தான். மார்கழி போனது, தையும் போனது. உடம்பில் சதை திரும்பி வந்தது. மூச்சு மட்டும் வரவில்லை.

மாசியில் யாரிடமும் சொல்லாமல் அடிவாரத்து வைத்தியரிடம் போனான். அவர் நாடி பார்த்தார். பிறகு அவனைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"காய்ச்சல் எப்பவோ போயிருச்சு கண்ணு. போறப்ப உள்ளுக்குள்ள சுட்டுட்டுப் போயிருக்குது. காஞ்ச சருகு மேல நடந்தா ஒரு சத்தம் கேக்குமே, அந்தச் சத்தம் கேக்குது உன்ற முதுகுல."

"மருந்து குடுங்க. எத்தனை நாளானாலும் திங்கறேன்."

"இருமலுக்குக் குடுக்கறேன். வெந்துபோன எடம் பழையபடி ஆகாது. சுமை தூக்காதே. ஏரு புடிக்காதே. இருக்கற மூச்சை வெச்சுக்கிட்டுப் பொழைச்சுக்கோ."

இறங்கும்போது அரை நாளில் இறங்கியவனுக்கு ஏறி வர மறுநாள் பொழுது சாய்ந்துவிட்டது. வாசலிலேயே நின்றிருந்த அவன் பெண்டாட்டி பெருமாயி, "வைத்தியரு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். அவன் எங்கே போனான் என்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ரெண்டு மாசத்துல சரியாயிருமாம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சோறு போட உள்ளே போனாள்.

சித்திரையில் மழை இறங்கியது. ஊரெல்லாம் ஏர் பூட்டியது. காளியண்ணனும் மேல்காட்டுக்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான். சாமை விதைக்கிற காடு, சரிவில் படிப்படியாக இருக்கும். நாலு உழவுசால் ஓட்டினான். ஐந்தாவது சாலில் ஏரின் மேழியைப் பிடித்திருந்த கை நழுவியது. பெருமாயி கஞ்சிக் கலயத்தோடு வந்தபோது, மாடுகள் தாமாக நின்றுகொண்டிருந்தன. புருஷன் வரப்புக்குப் பின்னால் குப்புறக் கிடந்து மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தான்.

அவள் அலறவில்லை. கலயத்தை வைத்தாள். அவனை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் மூடுபனி இறங்கியிருந்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மேழியைப் பிடித்தாள்.

அந்த ஊரில் பெண்கள் விதைப்பார்கள், களையெடுப்பார்கள், அறுப்பார்கள், கதிரடிப்பார்கள், விளைந்ததைச் சுமந்து வீடு சேர்ப்பார்கள். ஏரை மட்டும் தொடக்கூடாது. தொட்டால் மழை மலையைவிட்டு ஓடிவிடும் என்று ஒரு சொல் இருந்தது.

"வேண்டாம் புள்ள. யாராச்சும் பாத்தா..."

"பனி மூடியிருக்குது. நீங்க பாதையப் பாத்துக்கிட்டு இருங்க."

அப்படித்தான் அது தொடங்கியது. பன்னிரண்டு நாள் மேல்காட்டைப் பெருமாயி உழுதாள். காளியண்ணன் வரப்போரப் பாறையில் உட்கார்ந்து பாதையைக் காவல் காத்தான். ஆள் அரவம் கேட்டால் ஒரு கல்லைச் சாலில் போடுவான். அவள் மேழியை விட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போய்விடுவாள். அவன் எழுந்து ஏருக்குப் பின்னால் நின்று, அப்போதுதான் மாட்டை நிறுத்தியவன்போல நெற்றியைத் துடைப்பான். நெற்றியில் வியர்வை இருக்காது. இருப்பதாக நினைத்துத் துடைப்பான்.

ஒரு நாள் அர்த்தனாரிக் கவுண்டரே அந்தப் பக்கம் வந்தார். உழுத காட்டை நின்று பார்த்தார்.

"காய்ச்சலுக்கு முந்தி உன்ற சாலு பாம்பு ஊர்ந்தாப்பல இருக்கும். இப்ப நூல் புடிச்சாப்பல இருக்குது. செத்துப் பொழைச்சவன் கையி தனிதான்!"

"எல்லாம் உங்க புண்ணியமுங்க" என்றான் காளியண்ணன். பெருமாயி முதுகைக் காட்டிக்கொண்டு இல்லாத களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள், "நூல் புடிச்சாப்பலயாமா?" என்று கேட்டுச் சிரித்தாள். சேர்ந்து சிரிப்பான் என்றுதான் கேட்டாள். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த வட்டிலைத் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றான். தனக்கு ஏன் கோபம் வந்தது என்று அவனுக்குத் தெரியும். கவுண்டர் புகழ்ந்தபோது ஒரு கண நேரம், நிஜமாகவே தான்தான் உழுததுபோல அவன் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

சாமை விதைத்தார்கள். முளைத்தது. கேழ்வரகு போடும் கீழ்க்காடு மட்டும் பாக்கி இருந்தது.

அப்போதுதான் ராமாயியின் விஷயம் வந்தது. மாணிக்கம் செத்த பிறகு அவன் தம்பி ராசப்பன்தான் உழுது தருவதாக ஏற்றிருந்தான். தன் காட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்றான். முடித்த பிறகு மாடு களைத்துவிட்டது என்றான். அடுத்தபடி, கீழ்நாட்டில் ஒரு சோலி என்றான். உழாமல் விட்டால் அண்ணன் காடு தானாகத் தன் கைக்கு வந்துவிடும் என்பது அவன் கணக்கு. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு ராமாயி பத்து நாள் பார்த்தாள். ஈரம் காயத் தொடங்கியதும், நல்ல வெயிலில், பாதையில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்க, ஏரைப் பூட்டினாள். அவளுக்குக் காவல் இருக்க ஆள் இல்லை. கல் விழுந்ததும் மேழியை வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. ராசப்பன் ஓடிப்போய்ப் பிராது சொன்னான்.

மறுநாள் காலை கோயில் பலாமரத்தடியில் கூட்டம் கூடியது. ஆம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். காளியண்ணனும் உட்கார்ந்தான். ராமாயி தள்ளி நின்றாள்.

"ஏரு புடிச்சியா அம்மிணி?" என்று கேட்டார் அர்த்தனாரி.

"புடிச்சேனுங்க. ஈரம் போயிருச்சுன்னா வெதைக்க முடியாதுங்க."

"உன்ற கொழுந்தன் இருக்கறானல்ல?"

"இருக்கறாருங்க. காடுதான் சும்மா கெடக்குதுங்க."

இரண்டொருவர் சிரித்தார்கள். ராசப்பன் எழுந்து, சாமி குத்தம், மழை போய்விட்டால் யார் பொறுப்பு என்று கத்தினான். அர்த்தனாரி கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் ஊர் இரண்டாகிவிடுமோ என்று பயந்தார். யாராவது ஒருவர் பொதுவாகச் சொல்லிவிட்டால் நல்லது என்று அவர் கண் வட்டத்தைச் சுற்றி வந்து காளியண்ணனிடம் நின்றது.

"இவன் சொல்லட்டும். மாணிக்கத்துக்கு மச்சான். அவங்கூடவே காய்ச்சல்ல படுத்தவன். எந்திரிச்சு ஒத்தை ஆளா உழுது வெதைச்சுக் காட்டியிருக்கறான். சொல்லு கண்ணு, என்ன பண்ணலாம்?"

எல்லாத் தலையும் திரும்பின. காளியண்ணனுக்குச் சொல்ல வேண்டியது என்ன என்பது தெரிந்தே இருந்தது. அது நீளமான பேச்சு. நடுவில் மூச்சு அறுந்துவிடும். இருமல் வரும். இத்தனை பேர் முன்னால் குனிந்து கிடக்க வேண்டியிருக்கும். ஒரு சின்னப் பேச்சுக்குத்தான் அவனிடம் மூச்சு இருந்தது.

"ஏரு ஆம்பளைக்குத்தானுங்களே" என்றான்.

ராமாயி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறப்பாள் என்று நினைத்தான். அவள் மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

அவளுடைய நுகத்தடியைக் கழற்றிக்கொண்டு வந்து பலாமரத்தில் கட்டினார்கள். ராசப்பனுக்கு எப்போது தோதுப்படுகிறதோ அப்போது உழுது கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

வீட்டுக்குப் பேச்சு அவனுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. மறுநாள் விடிந்ததும் அவன் கீழ்க்காட்டுக்குப் புறப்பட்டபோது பெருமாயி முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வரலையா?"

"ஏரு ஆம்பளைக்குத்தானாம். ஊர்க் கூட்டத்துல சொன்னாங்க. ஓட்டிக்கிட்டுப் போங்க."

அவள் குரலில் சூடே இல்லை. அதுதான் அவனைச் சுட்டது. மாட்டை அவிழ்க்காமல் திரும்பிவந்து படுத்தான். அப்படியே ஆறு நாள் போனது. கீழ்க்காடு ஓட்டவில்லையா என்று கேட்டவர்களிடம் மாட்டுக்குக் குளம்பில் புண் என்றான். பெருமாயி சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், இருமினால் வெந்நீர் கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை.

ஏழாம் நாள் அவன் ஏர் பூட்டினான். எதை நிரூபிக்கப் போகிறோம் என்று யோசிக்கவில்லை. அந்த வீட்டில் இன்னொரு பகல் உட்கார்ந்திருக்க முடியாது என்றுதான் போனான். முதல் சாலை முடித்தான். இரண்டாவது சாலில் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. மாட்டை நிறுத்தும் குரல்கூட வரவில்லை. கால் மடங்கி உழுத மண்ணில் விழுந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. அவனைத் தூக்கி உட்காரவைத்து, தோளில் சாய்த்து, சுரைக்குடுக்கையிலிருந்து தண்ணீரை வாயில் விட்டது யார் என்று சற்று நேரம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

கீரை பறிக்க வந்த ராமாயி.

அவன் அவளைத் தள்ளப் பார்த்தான். கையில் பலம் இல்லை.

"பேசாதீங்கண்ணா. மூச்சு சமனாகட்டும்" என்றாள்.

சமனானதும் அவன் முதலில் சொன்னது, "யார்கிட்டயும் சொல்லிராத அம்மிணி." சொன்ன பிறகுதான் யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று உறைத்தது. அவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

"சொல்றதா இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றாள் ராமாயி.

"என்னன்னு?"

"உங்க மேக்காட்டுல கீரைக்குப் போனப்பப் பாத்தேன். சாலு நெடுக சின்னக் காலடிதான் இருந்துச்சு. உங்க பாதம் அந்தப் பாறைக்குப் பக்கத்துல மட்டும்தான் இருந்துச்சு."

"அப்பறம் ஏன் கூட்டத்துல சொல்லலை? நான் அப்படிச் சொன்ன பொறகும்?"

அவள் குடுக்கையை மூடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "சொல்லியிருந்தா உங்க ஊட்டு நுகத்தடியையும் கழட்டியிருப்பாங்க. ரெண்டு ஊட்டுக் காடும் தரிசாக் கெடக்கோணுமா? பெருமாயி என்ன பண்ணுவா?"

கீரைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். காளியண்ணன் சாலிலேயே உட்கார்ந்திருந்தான். தன்னைத் திட்டியிருந்தால், காறித் துப்பியிருந்தால், அதை எப்படித் தாங்குவது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். மாடுகள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன. நெடுநேரம் கழித்து எழுந்து, அவற்றை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டு, ஊர்க்கவுண்டர் வீட்டுக்கு நடந்தான்.

மேட்டில் இருந்த வீடு. போகும் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தான். எதிரில் வந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். "மூச்சு வாங்குது" என்றான். அந்த வார்த்தையை வெளியாள் ஒருவரிடம் அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

அர்த்தனாரிக் கவுண்டர் வீட்டையொட்டிய களத்துமேட்டில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். ராசப்பனும் இருந்தான். காளியண்ணன் நின்றபடியே, துண்டு துண்டாகச் சொன்னான்.

"மேக்காடு... நான் உழுவலீங்க. பெருமாயி உழுதா. எனக்கு... நெஞ்சு போயிருச்சு. அன்னைக்குக் கூட்டத்துல... பொய் சொன்னேன்."

எல்லாரும் சிரித்தார்கள். "ஊட்டுல சண்டையா? பொண்டாட்டி கோவத்தத் தணிக்க இப்படி ஒரு வழியா?" என்றார் கவுண்டர்.

"வாங்க. காட்டுக்கு வாங்க. பாருங்க."

வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். வழியில் இன்னும் பத்துப் பேர் சேர்ந்தார்கள். காளியண்ணன் மேழியைப் பிடித்து மாட்டை அதட்டினான். அதட்டல் காற்றாகத்தான் வந்தது. அரைச் சால் போனான். அதற்குமேல் நடந்ததை மறைக்க அவன் ஒன்றும் செய்யவில்லை. முட்டிபோட்டு விழுந்து, வாயில் நுரை ஒழுக, தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க, எல்லார் கண் முன்னாலும் மூச்சுக்கு அல்லாடினான். சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ ஒருவர் "அடப் பாவமே" என்றார். அந்தச் சொல்தான் இத்தனை நாளும் அவன் கேட்கக் கூடாது என்று ஓடி ஒளிந்த சொல். கேட்டுக்கொண்டே கிடந்தான்.

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து பெருமாயி ஓடிவந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பக்கத்தில் குந்தி, அவன் மூச்சு இறங்கும்வரை முதுகைத் தேய்த்தாள். பிறகு எழுந்து, யார் முகத்தையும் பாராமல், பாதியில் நின்ற சாலை ஓட்டி முடித்து மாட்டைத் திருப்பினாள்.

அர்த்தனாரிக் கவுண்டர் அந்தச் சாலைப் பார்த்தார். அண்ணாந்து மேல்காட்டைப் பார்த்தார். அங்கே சாமைப் பயிர் பச்சென்று நின்றது.

"அதுவும்?"

"அதுவும் அவதானுங்க" என்றான் காளியண்ணன்.

"மழை நல்லாத்தானே பெஞ்சுது" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

ராசப்பன் விடவில்லை. "குத்தம் குத்தந்தானுங்க. இந்த ஊட்டு நுகத்தடியையும் கழட்டிப்போடோணும்."

கவுண்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "பதினோரு ஊட்டுல ஆம்பளை இல்லை. எந்திரிச்சவனும் இந்தக் கோலத்துல இருக்கறான். எத்தனை நுகத்தடியக் கழட்டுவே ராசப்பா? அத்தனை காட்டையும் நீ உழுது குடுப்பியா?"

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தீர்ப்பு என்று அவர் எதையும் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, பின்னாலும் சரி. மறுநாள் காலையில் ராமாயி பலாமரத்துக்குப் போய்த் தன் நுகத்தடியைத் தானே அவிழ்த்துக்கொண்டு வந்தாள். பார்த்தவர்கள் பார்க்காததுபோல இருந்துவிட்டார்கள். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு வீட்டுப் பெண்கள் ஏர் பூட்டினார்கள்.

காளியண்ணனை அதன் பிறகு கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. 'நூல் புடிச்ச கவுண்டர்' என்று அவனுக்குப் பேர் வைத்தார்கள். "ஏனுங்க, ஊட்டுக்காரம்மா இன்னைக்கு எந்தக் காட்டுக்கு?" என்று பாதையில் கேட்டுவிட்டுப் போனார்கள். அது வலித்தது. ஆனால் அந்த வலி பழகக்கூடிய வலியாக இருந்தது. பெருமாயி நாலைந்து நாளில் பேசத் தொடங்கினாள். நல்ல காரியம் செய்தீர்கள் என்று அவள் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. விதைக்கூடையைச் சுமக்க முடிந்த அளவுக்குப் பாதி பாதியாக நிரப்பி அவன் கையில் கொடுத்தாள்.

ராமாயியிடம் மட்டும் ஒருநாள் போனான். அவள் உழுதுகொண்டிருந்தாள்.

"அம்மிணி, அன்னைக்குக் கூட்டத்துல நான்..."

"விடுங்கண்ணா. மாடு நிக்குது" என்றாள். சொல்லிவிட்டு ஏரைத் திருப்பினாள். அவள் சால் முடித்து வரும்வரை அவன் வரப்பில் காத்திருந்தான். வந்தவள் மறுபடியும் திரும்பிப் போனாள். அதற்கு மேல் அங்கே இருக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

புரட்டாசியில் சாமை அறுத்தார்கள். காளியண்ணன் வீட்டில் கதிர் முற்றி நல்ல மணியாக வந்தது. ஏர் பூட்டியும் எட்டு நாள் பிந்தி விதைத்த ராமாயியின் காடு, கதிர் பிடிக்கும் நேரத்தில் பெருங்காற்றில் சிக்கியது. தூற்றிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே பதர். அந்த எட்டு நாளும் நுகத்தடி மரத்தில் தொங்கிய நாள்கள் என்பது அவனுக்கு விரல் மடக்காமலே தெரியும்.

இரண்டு கூடை சாமையை அளந்து பெருமாயியிடம் கொடுத்து அனுப்பினான். ராமாயி வாங்காமல் திருப்பி அனுப்பினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெருமாயி வெறும் கூடைகளோடு திரும்பி வந்தாள்.

"ஏதாச்சும் சொன்னாளா?"

"கொழந்தைங்க ரெண்டு நாளாப் பட்டினியாம். அடுப்புப் பத்த வெச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா. வேறொண்ணும் சொல்லலை."

காளியண்ணனுக்கு இருமல் வந்தது. பெருமாயி கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெந்நீர் எடுக்கப் போனாள்.